கன்டோன்மென்ட் வருவதற்குள்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்துப் புத்த விகாரின் மாடியில் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து பெண்கள் செஸ் கற்றுக்கொள்கிறார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கற்றுக்கொடுப்பவள் தமயந்தி என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். அவள் அப்படிப்பட்ட ஆள்தான். சிவாஜிநகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. வயது நாற்பத்திரண்டு. நடையும் வேகம், பேச்சும் வேகம். சாப்பிடுவதைப் பார்த்தால் யாரோ தட்டைப் பிடுங்க வருகிறார்கள் என்று தோன்றும். அவள் கணவன் அசோகன் எலெக்ட்ரீஷியன், நிதானமான மனிதன். சினிமாவுக்குப் போனால் படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே இவள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவாள் என்று அவன் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான்.

அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று அவளும் யோசித்ததில்லை, மற்றவர்களும் கேட்டதில்லை. கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய அடுத்த வருடமே வீட்டுக்கு மூத்தவள் என்று பெங்களூருக்கு வேலைக்கு வந்தாள். விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரம் கழித்துக் கன்டோன்மென்டில் இறங்க வேண்டும். சாயந்திரம் திரும்பவும் அதே ரயில், அதே ஆட்கள். கல்யாணமாகி ஸ்ரீராம்புரத்துக்கு வரும்வரை பதினோரு வருடம் இப்படியே ஓடியது.

அந்த ரயிலில்தான் பால்ராஜ் என்கிறவரிடம் அவள் செஸ் கற்றாள். அவர் சிட்டி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தவர். டிபன் டப்பா மூடி அகலத்தில் ஒரு காந்தப் பலகை வைத்திருப்பார். வண்டி எப்படிக் குலுங்கினாலும் காய் விழாது. ஊர்க்காரர்கள் மாற்றி மாற்றி அதில் ஆடுவார்கள். அந்தப் பெட்டிக்கென்று ஒரே ஒரு சட்டம் இருந்தது: ஆட்டம் முடியாமல் யார் முதலில் இறங்குகிறாரோ அவர் தோற்றவர். வைட்ஃபீல்டுக்காரர், கே.ஆர்.புரத்துக்காரர் என்று ஒவ்வொருவராக இந்தச் சட்டத்துக்குப் பலியானார்கள். தமயந்திக்குக் கன்டோன்மென்ட். பால்ராஜுக்கு அதற்கும் அடுத்த ஸ்டேஷன், கடைசி ஸ்டேஷன். ஆகையால் கன்டோன்மென்டுக்கு முந்தின ஈஸ்ட் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் அவரை மடக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை காய் கூடுதலாக வைத்திருந்தும் புண்ணியமில்லை.

மடக்குவதற்கு அவள் கண்டுபிடித்த வழி ராணியைக் கொடுப்பது. எதிராளி ராணியை வெட்டுவான், வெட்டாமல் இருக்க முடியாது, வெட்டிய மறு நகர்த்தலில் யானையோ குதிரையோ வந்து ராஜாவின் கழுத்தில் உட்காரும். மேட், ஆட்டம் அங்கேயே முடிந்தது. இதை அவள் நாற்பது ஐம்பது விதமாகச் செய்வாள். பெட்டியில் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். "பொண்ணுக்குத் தைரியம் ஜாஸ்தி" என்பார் பால்ராஜ். அந்த வார்த்தையை அவள் இருபது வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தாள். தன்னைப் பற்றி அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே நல்ல விஷயம் அதுதான்.

விகாரின் மாடியில் வகுப்பு தொடங்கியபோது அவள் கற்றுக்கொடுத்ததும் அதைத்தான். மற்ற வாத்தியார்கள் முதலில் சிப்பாயை நகர்த்து, குதிரையை வெளியே எடு, ராஜாவைப் பத்திரப்படுத்து என்று ஆரம்பிப்பார்கள். தமயந்திக்கு அதிலெல்லாம் பொறுமை இல்லை. புதிதாக ஆடுகிறவர்களுக்கு இருக்கிற பெரிய வியாதி ராணி பயம், அதை முதலில் தெளிய வைத்தால் மற்றது தானாக வரும் என்பது அவள் கட்சி. பலகையில் ஒரு நிலையை அடுக்கிவைப்பாள். "இதுல மேட் இருக்குது. பத்து எண்றதுக்குள்ள சொல்லணும்" என்பாள். உடனே எண்ணவும் தொடங்குவாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் எண்ணுகிற வேகத்தில் பத்து சீக்கிரமே வந்துவிடும். பெண்கள் அரக்கப் பரக்கக் கையை நீட்டி ராணியைத் தூக்குவார்கள். பெரும்பாலும் அதுதான் விடையாகவும் இருக்கும்.

ஐந்து பேரில் மூத்தவள் சந்திரம்மா. மாநகராட்சியில் தெருக் கூட்டுகிற வேலை. வயது ஐம்பதுக்கு ஒன்று குறைவு. காலை ஆறரைக்கு விரல் வைத்து வருகை பதிந்தால் இரண்டு மணிவரை நிற்க நேரமிருக்காது. பிறகு வீட்டில் சமையல், தண்ணீர், துணி. இதற்கு நடுவில் எப்படியோ சனிக்கிழமை மூன்று மணிக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து பாயில் உட்கார்ந்துவிடுவாள். ஆட்டத்தில்தான் மோசம். மற்ற நால்வரிடமும் தோற்பாள், தோற்றுவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் காயை அடுக்குவாள். ராணியைக் கொடுக்கச் சொன்னபோது முதலில் சண்டைக்கே வந்தாள்.

"ராணிய குடுத்துட்டா அப்புறம் நம்ம கிட்ட என்ன டீச்சர் இருக்குது?" என்று கேட்டாள்.

தமயந்தி பலகையைத் திருப்பி வைத்துக் காட்டினாள். வெள்ளை ராணி ராஜாவுக்கு முன்னால் இருந்த ஓரத்துச் சிப்பாயை வெட்டிச் செக் சொன்னது. ராஜா ராணியைத் தின்றது. யானை ஓரத்து வரிசைக்கு வந்து மறுபடி செக். ராஜா திரும்பிப் போகப் பார்த்தால், அந்தப் பக்கத்துக் கட்டங்களையெல்லாம் ஒரு குதிரை முன்பே பிடித்து வைத்திருந்தது. நகர வழியில்லை. சந்திரம்மா இரண்டு மூன்று தடவை விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று போகும்போது, அடுகோடியில் ஆகஸ்ட் மாதம் புதியவர்களுக்கான போட்டி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, தன் பேரையும் சேர்க்கச் சொன்னாள்.

"ஒரே ஒரு ஆட்டம் ஜெயிக்கணும் டீச்சர். ஹால்ல, கடியாரம் வெச்சி, பேரு எழுதின சீட்டோட. அது போதும் எனக்கு" என்றாள்.

எதற்கு என்று தமயந்தி கேட்கவில்லை, சந்திரம்மாவே சொன்னாள். இருபத்தாறு வருட வேலையில் அவள் பேர் எழுதி வந்த காகிதமெல்லாம் மெமோதான். குப்பை கிடந்தது, நேரத்துக்கு வரவில்லை, கையுறை போடவில்லை. வேறு ஏதாவது ஒன்று எழுதின காகிதத்தில் தன் பேரைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். தமயந்தி அவள் கையைப் பிடித்து நிச்சயமாக ஜெயிப்பீர்கள் அக்கா என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு வாக்குக் கொடுப்பதிலும் அவசரம்தான்.

அடுகோடிப் போட்டி ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. ஆளுக்கு அரை மணி நேரம், நான்கு சுற்று. நடுவராக டெஸ்மண்ட் என்று ஒருவர், கழுத்தில் பட்டி கட்டின கண்ணாடியோடு மேஜை மேஜையாக நடந்துகொண்டிருந்தார். கூட வந்தவர்கள் எல்லோரும் குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். தமயந்தி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐந்து பெண்கள், இருபது ஆட்டங்கள். ஒன்றில்கூட வெற்றியில்லை. அவர்களில் வீணா மட்டும் ஒரு டிரா எடுத்தாள், அதுவும் எதிராளி செய்த கோளாறில். மற்றதெல்லாம் ராணியைக் கொடுத்துத் தோற்றவை. சந்திரம்மா நான்கு ஆட்டத்தில் நான்கு ராணியைக் கொடுத்தாள். கடைசி ஆட்டத்தில் வகுப்பில் பார்த்த அதே ஓரத்துச் சிப்பாயை வெட்டினாள். ராஜா ராணியைத் தின்றது. இவள் யானையைக் கொண்டுவந்து செக் சொன்னாள். குதிரைதான் அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. ராஜா வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிட்டது. சந்திரம்மா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் இருந்த ஆள் சங்கடப்பட்டுக்கொண்டு அடுத்த நகர்த்தலைச் செய்தார்.

அப்போதுதான் தமயந்தியின் கண் கடிகாரத்தில் விழுந்தது. சந்திரம்மாவுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் பாக்கி. பக்கத்து மேஜையில் வீணாவுக்கு இருபத்துநான்கு. அதற்கடுத்த மேஜையிலும் அப்படியே. எதிராளிகளெல்லாம் பாதி நேரத்தைச் செலவு செய்திருந்தார்கள்.

டெஸ்மண்ட் கயிற்றுப் பக்கம் வந்தபோது சிரித்துக்கொண்டே கேட்டார். "என்னா மேடம், உங்க ஆளுங்க எல்லாருக்கும் ட்ரெயின் புடிக்கணுமா?"

அவர் கிண்டலாகத்தான் கேட்டார். தமயந்திக்குச் சுரீர் என்றது. கடிகாரங்களை இன்னொரு தடவை பார்த்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சந்திரம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முந்தானையை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீராம்புரத்தில் இறங்கியதும் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் சந்துக்குள் போய்விட்டாள்.

அன்று சாயந்திரமே தமயந்தி பால்ராஜுக்குப் போன் போட்டாள். அவர் ரிட்டயராகித் தங்கவயல் பக்கம் ஊரிகாமில் இருக்கிறார். குசலம் விசாரித்து முடித்ததும், ஈஸ்ட் ஸ்டேஷன் தாண்டினதும் நீங்கள் ஏன் அவ்வளவு மெதுவாக ஆடுவீர்கள் என்று கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கு மேல் ஆட வேண்டிய அவசியம் தனக்கில்லை என்றும், கன்டோன்மென்ட் வந்தால் அவள் இறங்கித்தானே ஆக வேண்டும் என்றும் சொன்னார். "நீ எறங்கறவ, நான் உக்காந்திருக்கறவன். ராணிய குடுக்காம நீ வேற என்னா பண்ணுவ?" என்றார். அதில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. அவருக்கு அது பழைய விளையாட்டு.

போனை வைத்துவிட்டுத் தமயந்தி அடுப்பில் உலை வைத்தாள். இருபது வருடமாகத் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஸ்டேஷன் பயம். அதையே வித்தை என்று ஐந்து பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அரை மணி நேரம் அவர்களுக்கென்று ஒருவர் கடிகாரத்தில் வைத்துக் கொடுத்திருக்க, அதில் ஐந்து நிமிடத்தைத் தொட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. பால்ராஜ் மேல் கோபமும் வந்தது. கோபம் சோறு பொங்குவதற்குள் தணிந்தது, வெட்கம் தணியவில்லை.

அடுத்த மூன்று சனிக்கிழமையும் சந்திரம்மா வரவில்லை. உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம், வீட்டில் வேலை என்று ஒரு வாரம். மூன்றாவது வாரம் சொல்லியனுப்பக்கூட இல்லை. கடைக்கு விடுமுறை வந்த நாளில் தமயந்தி இரண்டு மணிக்குப் போய், சுகாதாரப் பணியாளர்கள் கூடுகிற மைதானத்துக்கு எதிரே டீக்கடையில் காத்திருந்தாள். சந்திரம்மா பச்சைக் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே வந்தாள். இவளைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும் டீ வேண்டாம் என்று சொல்லவில்லை.

"நீங்க சொன்னதத்தானே செஞ்சேன்" என்றாள் சந்திரம்மா, டம்ளரைப் பார்த்துக்கொண்டு. "சீக்கிரம் குடு, சீக்கிரம் குடுன்னு. குடுத்தேன்."

"தப்பு என்னோடதுதான் அக்கா" என்றாள் தமயந்தி. "நான் ரயில்ல கத்துக்கிட்டவ. எறங்கறதுக்குள்ள முடிக்கணும்னு ஆடுவேன். அதையே உங்களுக்கும் பழக்கிட்டேன். அங்க யாரும் எறங்கச் சொல்லல. எனக்குத்தான் அது தெரியல."

ரயில் கதை முழுவதையும் சொன்னாள். பால்ராஜ் சிரித்ததையும் மறைக்கவில்லை. சந்திரம்மா கேட்டுக்கொண்டே டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள்.

"அவசரம் எனக்கு வேலையிலயே இருக்குது டீச்சர்" என்றாள் கடைசியில். "ஏழு மணிக்குள்ள இந்த ரோடு, எட்டுக்குள்ள அந்த ரோடு. மேஸ்திரி பின்னாடியே வருவான். உங்க கிளாஸுக்கு நான் உக்கார்றதுக்குத்தான் வந்தேன்."

தமயந்திக்குக் கண் கலங்கிவிட்டது. டீக்கடைக்காரர் பார்க்கிறாரே என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை சந்திரம்மா வந்தாள்.

வகுப்பில் பத்து எண்ணுவது நின்றது. தமயந்தி பலகையில் நிலையை அடுக்கும்போது, இதில் மேட் இருக்கிறது என்று சொல்வதையும் விட்டுவிட்டாள். பாதி நிலைகளில் மேட் இருக்காது. ராணியைக் கொடுத்தால் அதோடு போய்விடும். எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பார்ப்பதற்கு இரண்டே கேள்வி: ராணியைத் தின்ற பிறகு ராஜாவுக்கு எத்தனை வீடு மிச்சம்? ஒவ்வொரு வீட்டுக்கும் நம்முடைய காவல் யார்? இதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆகலாம். இதில் மிகவும் கஷ்டப்பட்டது தமயந்திதான். விடை தொண்டைவரை வந்து நிற்கும், கை தானாக நீளும். கடைசியில் கை இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளப் பழகினாள்.

சந்திரம்மாவுக்கு இந்த வழி உடனே பிடித்துவிட்டது. அவள் கூட்டுகிற தெருக்களில் வீட்டுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து ஓடும். முன்தெரு கண்ணாடி மாதிரி இருக்கும், மெமோ வருவதெல்லாம் பின்சந்தில் கிடக்கிற குப்பைக்கு. ஆகையால் இருபத்தாறு வருடமாக அவள் எந்தத் தெருவையும் பின்சந்தைப் பார்க்காமல் முடித்ததில்லை. "ராஜாவுக்குப் பின்சந்து இருக்குது டீச்சர்" என்று விரலை வைத்துக் காட்டுவாள். தமயந்தி பார்த்தால் இருக்கும். வீணாவும் மற்றவர்களும்கூட அப்புறம் பின்சந்து என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஜனவரியில் அதே ஹாலில் அடுத்த போட்டி. இந்தத் தடவை வீணா இரண்டு ஆட்டம் ஜெயித்தாள், இன்னொருத்தி ஒன்று. சந்திரம்மா முதல் மூன்று சுற்றிலும் தோற்றாள். ராணியைக் கொடுத்துத் தோற்கவில்லை. முதல் இரண்டில் எதிராளி அவளைவிட நன்றாக ஆடினார். மூன்றாவதில் கையில் நல்ல ஆட்டம் இருந்தும் நேரம் தீர்ந்துபோனது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கயிற்றருகே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தாள். பாக்கி இருந்தது ஒரே ஒரு சுற்று.

நான்காவது சுற்றில் அவளுக்கு எதிரே அபினவ் என்று ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞன். மரியாதையான பையன், அவனும் கற்றுக்கொண்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. மற்ற மேஜைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. தமயந்தி கயிற்றின்மேல் சாய்ந்து பார்த்தாள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கறுப்பு ராஜா மூலையில். முன்னால் இரண்டு சிப்பாய், பக்கத்தில் ஒரு கட்டம் காலி, அதற்கடுத்து அதனுடைய யானை. சந்திரம்மாவின் ராணி குறுக்குக் கோட்டில் நேராக அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து நிற்கிறது, ராணிக்குப் பின்னால் துணைக்கு மந்திரி. குதிரை பக்கத்திலேயே தயார். ராணியை அந்தக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தால் ராஜா தொட முடியாது, மந்திரி பார்த்துக்கொண்டிருக்கிறது. யானைதான் வெட்ட வேண்டும். வெட்டினால் யானையே ராஜாவின் கடைசி வழியையும் அடைத்துவிடும். அப்புறம் குதிரை ஒரே தாவில் செக், மேட்.

சந்திரம்மா அதைச் செய்யவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்தில் ஒன்பது நிமிடம், எட்டு நிமிடம். தமயந்திக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கொடுங்கள் அக்கா, கொடுங்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. ஏழு நிமிடம். கண்ணை மூடித் திறந்து, தான் வகுப்பில் கேட்கிற கேள்வியைத் திருப்பிப்போட்டுப் பலகையிடம் கேட்டாள். குதிரை தாவி உட்கார வேண்டிய வீட்டுக்கு எதிராளியின் காவல் இருக்கிறதா? இருந்தது. பலகையின் நடுவில் நின்ற கறுப்புக் குதிரை அந்த வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ராணியைக் கொடுத்திருந்தால் அந்தக் குதிரை வந்து இவள் குதிரையைத் தின்றிருக்கும். எல்லாம் போயிருக்கும். தமயந்தி அந்த நாற்காலியில் இருந்திருந்தால் கொடுத்திருப்பாள்.

சந்திரம்மா ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினாள். சிப்பாய் கறுப்புக் குதிரையை மிரட்டியது. அபினவ் கொஞ்சம் யோசித்தான். வந்ததுதான் வந்தோம் என்று குதிரையை முன்னால் தாவவிட்டு அவளுடைய யானையைப் பயமுறுத்தினான். நல்ல நகர்த்தல் போலத்தான் இருந்தது. சந்திரம்மா யானையைக் காப்பாற்றப் போகவில்லை, அவசரமாக ராணியைத் தூக்கவும் இல்லை. மூலையில் இருந்த ராஜாவைச் சுற்றி ஒவ்வொரு கட்டமாகக் கண்ணால் எண்ணினாள். உதடு அசைவது கயிற்றுக்கு இந்தப் பக்கம்வரை தெரிந்தது. முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். கடிகாரத்தில் இரண்டு நிமிடம்தான் இருந்தது.

பிறகு ராணியை எடுத்து ராஜாவின் பக்கத்தில் வைத்தாள்.

அபினவ் ராணியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வேறு வழியில்லாததால் யானையால் வெட்டினான். சந்திரம்மா குதிரையைத் தாவவிட்டாள். அவன் பலகையின் மேல் குனிந்து கொஞ்ச நேரம் தேடினான். பிறகு எழுந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, ரொம்ப நல்லா ஆடினீங்க அம்மா என்று கன்னடத்தில் சொன்னான். டெஸ்மண்ட் கடிகாரத்தை நிறுத்தி, ரிசல்ட் சீட்டில் அவள் பேருக்கு எதிரே வெற்றிக்கான ஒன்றை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். சம்பளப் பதிவேட்டில் போடுகிற மாதிரியே கன்னடத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். சீட்டை ஒரு போட்டோ எடுத்துத் தரும்படி கேட்டாள். அவர் எடுத்துத் தமயந்தியின் போனுக்கு அனுப்பினார்.

எல்லாம் முடிந்தும் சந்திரம்மா எழுந்திருக்கவில்லை. முழங்கையை மேஜையில் ஊன்றி, காயெல்லாம் நின்றது நின்றபடி இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். ஹாலில் வேறு யாருமில்லை. டெஸ்மண்ட் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே சாவிக்கொத்தோடு கயிற்றருகே வந்தார். பூட்ட வேண்டும், அந்த அம்மாவைக் கிளம்பச் சொல்ல முடியுமா என்று தயங்கிக் கேட்டார்.

தமயந்தி கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள். அபினவ் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் இருக்கட்டும் சார்" என்றாள். "எங்களுக்கு ட்ரெயின் எதுவும் இல்ல."